அறுபத்திரண்டு படலங்கள்

“மூணு நாள்! போன மாசம் முழுசா மூணு நாள் மிஷினை ஓட்டி, உருப்படாத ஒரு ஃபில்டரைப் போட்டு வெச்சிருக்கே. கேட்க ஆள் இல்லைன்னு நினைப்பா?”

மேலாளர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் பேச்சு நின்றது.

எதிரே தலைகுனிந்து நின்றவனை அங்கே எல்லோரும் ‘சேம்பர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினைந்து வருடமாகப் கண்ணாடி மேல் படலம் பூசும் மிஷினின் உள்ளறையான சேம்பரே கதி என்று கிடப்பவன்.

புற ஊதா ஒளியில் செய்தி அனுப்பும் கருவிக்கு அங்கே ஃபில்டர் செய்கிறார்கள். வெயிலை மறித்துவிட்டு, செய்தி சுமந்து வரும் ஒளியை மட்டும் உள்ளே விட வேண்டும். அதற்காக ஒரு சின்னக் கண்ணாடி வில்லையின் மேல் அறுபத்திரண்டு மெல்லிய படலங்கள். ஒன்றில் பிசகினாலும் அத்தனையும் வீண்.

“அதுகூடவே வெச்சுப் பூசின சோதனைத் துண்டை அளந்து பார்த்தாச்சு. நேரா விழற வெளிச்சத்துக்கு மட்டும் போட்ட டிசைன் இது. புற ஊதா காத்துல சிதறி நாலா பக்கமும் இருந்து சாய்வா வருமே, அதையெல்லாம் வெளியிலயே நிறுத்திடும். நேத்து சேர்ந்தவன்கூட இதைக் கண்டுபிடிச்சிடுவான்!”

“கவனிக்கல சார்.”

“யார் போட்ட டிசைன்?”

“நான்தான் சார். ஒரு ஆசையில...”

“ஓஹோ! டிசைன் பண்ணிட்டிருந்தவன் போய்ச் சேரப்போறான், அந்த நாற்காலியில நாம உட்காரலாம்னு கணக்குப் போட்டியோ?”

சேம்பரின் முகம் செத்துவிட்டது.

“நாளையிலிருந்து மிஷின் பக்கம் உன் தலையே தெரியக்கூடாது. பேக்கிங்ல போய் அட்டைப்பெட்டி ஒட்டு.”

சொல்லிவிட்டு நிமிர்ந்த மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வாசலில் அந்த டிசைனரின் மனைவி நின்றிருந்தாள். புருஷனின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். அவர் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

“வாம்மா... உட்காரும்மா.”

அவள் உட்காரவில்லை.

“சார், அது இவர் போட்ட டிசைன் இல்ல.”

‘வேண்டாம் அண்ணி’ என்பதுபோல் சேம்பர் தலையசைத்தான். அவள் கண்டுகொள்ளவில்லை.

“என் வீட்டுக்காரர் போட்டது. ஆஸ்பத்திரி படுக்கையில உட்கார்ந்து, கை நடுங்க நடுங்க ஒரு மாசம் போட்டார். வலிக்குக் குடுத்த மருந்துல அவருக்கு எதுவும் நினைவுல நிக்கல சார். இல்லேன்னா இப்படி ஒரு தப்பு பண்ணுவாரா?”

மேலாளரின் கோபம் மறுபடி சேம்பர் மேலேயே திரும்பியது.

“சரி, அவனுக்குத்தான் முடியல. பார்த்ததும் உனக்குத் தெரிய வேண்டாமா? பதினஞ்சு வருஷம் இங்க என்னத்தைக் கிழிச்சே?”

“இவருக்குத் தெரியும் சார்” என்றாள் அவள். “பார்த்த அன்னிக்கே என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். ‘அண்ணி, இது வேலைக்கு ஆகாது. ஆனா அவன் மூஞ்சியைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. அவன் சொன்ன மாதிரியே போட்டு, சரியா வந்திருக்குடான்னு கையில குடுத்துடறேன்’னார்... அந்த ஃபில்டரைக் கையில பிடிச்சுக்கிட்டேதான் சார் என் வீட்டுக்காரர் போனார்.”