மேளமில்லாத ஊர்வலம்

"வேட்டும் வேணாம், மேளமும் வேணாம் தம்பி."

"இன்னாக்கா பேசற? பந்தல் போட்டாச்சு, பூ வந்தாச்சு. மேளம் இல்லாம ஊர்வலம் போனா ஊரே சிரிக்கும்," என்றான் மணவாளன்.

"சிரிக்கட்டும். ஏரி மரத்துல நாரைங்க முட்டைமேல குந்திக்கினு கீது. சத்தம் கேட்டா பறந்து பூடும்," என்றாள் கஸ்தூரி.

ஒவ்வொரு ஐப்பசியிலும் அவளும் கணவர் துரைராஜும் ஏரிக்கரையில் அமர்ந்து, நாரைகள் மேகத்திலிருந்து பிரிந்து இறங்குவதைப் பார்ப்பார்கள். எந்த நாட்டுப் பனியை இறகில் சுமந்து வருகின்றனவோ என்று அவர் கனவில் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நால்வர் துரைராஜின் பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். கஸ்தூரி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதி வழியில பாடைய இறக்கி வெச்சித் தலமாடு கால்மாடு மாத்தித் திருப்புவீங்களே, அதை நாரை மரத்துக்கு எதிர்ல செய்யி தம்பி. கொஞ்ச நேரம் அவரு பார்த்துக்கினு இருக்கட்டும்."