வைகாசித் தேய்பிறை நவமி

"ரெண்டும் சரிதான்."

அவள் சொன்னதை அவன் ஆங்கிலத்தில் சொன்னான். அதிகாரி எழுதிக்கொண்டார்.



மகன் சுட்டுக் கொல்லப்பட்டது எந்தத் திகதி என்பதுதான் கேள்வி. போன வருட நேர்காணலில் ஜூன் பதின்மூன்று என்றிருக்கிறாள். இன்று ஜூன் இரண்டு என்கிறாள். எது சரி என்று கேட்டால், இரண்டுமாம்.

சிவயோகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. மகன் சுகந்தனை வீட்டு வாசலில் வைத்துச் சீருடைக்காரர்கள் சுட்டார்கள். சுட்டவனின் பெயரை அவள் விசாரணையில் சொன்னாள். அன்றிலிருந்து அவளைத் தேடுகிறார்கள். கடல் தாண்டி வந்து இந்த நாட்டில் அடைக்கலம் கேட்கிறாள். இந்த அதிகாரி நம்பாவிட்டால் விமானத்தில் ஏற்றி அவர்கள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள்.

அவன் மொழிபெயர்ப்பாளன். அவ்வளவுதான்.

ஆனால் அவனுக்குத் தெரியும்.

அவனுடைய அப்பா செத்ததும் ஒரு தேய்பிறையில்தான். ஒவ்வொரு வருடமும் கைபேசியில் பஞ்சாங்கம் பார்த்துத்தான் வேலைக்கு லீவு சொல்வான். திதி மாறாது. ஆங்கிலத் திகதி நகர்ந்துகொண்டே இருக்கும்.

சுகந்தன் செத்தது வைகாசித் தேய்பிறை நவமி. கிரியை செய்த ஐயர் அவளுக்குச் சொன்ன நாள் அது; உள்ளே வருமுன் காத்திருந்தபோது அவளே அவனிடம் சொன்னாள். போன வருடம் அந்த நவமி ஜூன் பதின்மூன்றில் வந்தது, இந்த வருடம் இரண்டில். வெள்ளைக்காரருக்குத் திதி எங்கே விளங்கப்போகிறது என்று, பாவம், அவளே கணக்குப் பார்த்து மாற்றிச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு நிமிடம் விளக்கினால் போதும்.

கையை உயர்த்தினான்.

அதிகாரி நிமிரவில்லை. "அவர் சொன்னதா, நீங்கள் சொல்லப்போவதா?"

"நான்தான். ஒரு சிறு விளக்கம்."

"அப்படியானால் வேண்டாம்."

கையை இறக்கினான். சொன்னதை மட்டும் சொல்வேன், கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். முன்பொரு முறை வாய் பொறுக்காமல் விளக்கம் கொடுத்ததற்கு வந்த எச்சரிக்கைக் கடிதம் வீட்டு மேசையில் கிடக்கிறது. அடுத்த கடிதம் எச்சரிக்கையாக இருக்காது.

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?"

தமிழில் கேட்டான். கண்ணாலும் கேட்டான். சொல்லுங்கள் அம்மா, நவமி என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள்.

அவள் யோசித்தாள். சுவரில் பல மொழிகளில் ஒரு பெரிய சுவரொட்டி. மனிதர் எல்லோரும் உரிமையில் சமமானவர்கள் என்று எட்டாவது வரி தமிழில் இருந்தது. அவள் கண் அங்கே போய் நின்றது.

"தமிழிலயும் எழுதியிருக்கினம், என்ன தம்பி? நல்ல ஆக்கள்."

அதையும் அவன் மொழிபெயர்த்தான். அதிகாரிக்குச் சந்தோஷம். முதல் தடவையாக அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

எழுதிக்கொண்டிருந்த கோப்பை மூடினார்.

அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். போக மனமில்லாமல் நின்றாள்.

"தம்பி, வாற வருசம் நவமி எப்ப வருதெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன். முகாமில ஒருத்தரிட்டையும் வாற வருசப் பஞ்சாங்கம் இல்லை. பிள்ளையின்ர நாளை விட்டிடுவன் எண்டு பயமாக் கிடக்கு."

நவமி. சொல்லிவிட்டாள். கோப்பு மூடிய பிறகு சொல்லிவிட்டாள்.

அவன் அவசரமாக அதிகாரியைப் பார்த்தான். அவர் ஒலிப்பதிவுக் கருவியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இவர் கேட்பதை நான்..."

"நேர்காணல் முடிந்தது."

இந்த அறையில் அவளுக்குச் செய்யக்கூடியது வேறென்ன இருக்கிறது? கைபேசியை எடுத்துப் பார்த்தான்.

"மே இருபத்திரண்டு, அம்மா."

"மே இருபத்திரண்டு," அவள் மனப்பாடம் செய்தாள். "மே இருபத்திரண்டு."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மே என்பது அவருக்கும் மேதான். கருவியை அணைக்கப் போன கை நின்றது.

கோப்பை மறுபடி திறந்தார்.

"இது எந்தத் திகதி? மகனுடையதா? கேளுங்கள். கேட்டு, அவர் சொல்வதை மட்டும் சொல்லுங்கள்."

அவன் கேட்டான்.

அவள் முகம் மலர்ந்தது. கடைசியில் ஒருவராவது அக்கறையாகக் கேட்கிறார்.

"ஓம் தம்பி. அதுவும் என்ர பிள்ளையின்ர நாள்தான்."

அவன் அதிகாரியின் பக்கம் திரும்பினான். வீட்டு மேசையில் கிடந்த கடிதம் நினைவுக்கு வந்தது.

கூட்டாமல், குறைக்காமல் சொன்னான்.