கவருக்குள் இருந்த நெஞ்சு

கவரின் மேல் பொன்னப்பன் என்று பெயர் எழுதியிருந்தது. உள்ளே இருந்ததோ செல்லையனின் நெஞ்சு. அதில் காசநோய் என்று வாசித்ததும் பொன்னப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

குடியிருந்தவனுக்கே சொந்தம் என்ற சட்டத்தில் குடிகிடப்பாகக் கிடைத்த பத்து சென்டில் ஓட்டுவீடு கட்ட, கல்ஃபுக்குப் போனால்தான் வழி. போவதற்கு எக்ஸ்ரே வேண்டும் என்றார் ஏஜெண்ட். பொன்னப்பனுக்கோ இரண்டு மாதமாக இருமல். அவன் அப்பா இருமி இருமியே செத்தவர். படத்தில் என்ன தெரியுமோ என்று பயந்து, தன் பெயரில் செல்லையனை அனுப்பினான். ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுகிற செல்லையன் மூன்று ஆள் சுமையை ஒற்றையாகத் தூக்குகிறவன். ஜீப் ஓட்டும் தாணு அவனைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போய்வந்தான்.

"வலிச்சா மக்கா?"

"ஊசி கேறும்போ கொஞ்சம் வலிச்சு. பின்னெ ஒண்ணும் இல்ல," என்றான் செல்லையன், தோளைத் தடவியபடி. எக்ஸ்ரே அறையையே பார்த்திராத பொன்னப்பன் அவனுக்காக 'உச்' கொட்டினான்.

இப்போது அவனுக்கா இந்த நோய்? சொல்லாவிட்டால் நோயில் சாவான்; சொன்னால் பயத்தில் சாவான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் போய்ச் சொல்லிவிட்டான்.

"ஆசுபத்திரிக்கு நான் வரல்ல அண்ணா! எனக்குப் பேடியாக்கும்!" மலைபோன்ற செல்லையன் பயத்தில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். அவன் மனைவி கார்த்தியாயினி ஒரு காலையும் பொன்னப்பன் ஒரு காலையும் பிடித்து இழுத்தார்கள். கட்டில்தான் நகர்ந்தது.

"எலே, ஒனக்கு முன்னே நான் எக்ஸ்ரே எடுக்கேன். வெளியே வா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று பொன்னப்பனுக்கு உறைத்தது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி போகும்வரை ஜீப்பில் இருவரும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதற்குப் போகிறார்கள் என்று தெரியாத தாணு சிரித்தான். "ரெண்டு தடியன்மாருக்க மூஞ்சியப் பாரு! எனக்கு எமனைக் கண்டாலும் பேடி கிடையாது."

பொன்னப்பன் சட்டையைக் கழற்றிக் குளிர்ந்த பலகையில் நெஞ்சை வைத்தான். அப்பாவின் இருமல் காதில் கேட்டது. ஆனாலும் ஓடவில்லை. ஊசிக்காகக் கண்ணை இறுக மூடினான். அதற்குள் "கழிஞ்ஞு" என்று வேலையை முடித்துவிட்டார்கள். பின்னால் செல்லையனையும் நிறுத்தினார்கள்.

டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு நெஞ்சும் நல்ல நெஞ்சு. பொன்னப்பா, பீடியை விடும், இருமல் தானே போவும்."

பொன்னப்பன் பழைய கவரை நீட்டினான். "அப்போ இது யாருக்க நெஞ்சு சாரே?"

டாக்டர் கவரின் மேலிருந்த பெயரைப் பார்த்தார். பொன்னப்பன் செல்லையனைப் பார்த்தான். செல்லையன் தரையைப் பார்த்தான். வெளியே யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா... அன்னைக்கும் எனக்குப் பேடி. தாணுவையாக்கும் உள்ளே அனுப்பினேன்."