நாலாவது குரல்

பல வருஷமாக எலியும் பூனையுமாக இருந்த அக்காவும் தங்கையும் தம்பியும் புது ஆல்பத்துக்காக ஒரே மைக்கைச் சுற்றி நிற்கிறார்கள். தனித்தனிக் கண்ணாடி அறைகளில் நின்று பாடியதெல்லாம் சவசவவென்று இருந்ததால், ஒலிப்பதிவாளர்தான் அடம்பிடித்து இப்படி நிறுத்தியிருக்கிறார். ஒருவர் மூச்சு அடுத்தவர் கன்னத்தில் படுகிறது. பாட்டின் நடுவே தம்பியின் விரல்கள் கிட்டார் கம்பிகளை அமர்த்தி ஓசையை நிறுத்துகின்றன. வெறும் குரல்கள் மட்டும் மிஞ்சி, மூன்றும் துளி பிசகாமல் இழையும் இடத்தில், மூவரில் யாருடையதும் இல்லாத நாலாவது குரல் ஒன்று ஹெட்ஃபோனுக்குள் எழுகிறது. ஒலிப்பதிவாளருக்குப் புல்லரிக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்தான். பாட்டு முடிந்ததும், "கூட யாருங்க பாடுனது?" என்கிறார் மெதுவாக. "அதுவா? நாங்க சண்டை போட்டப்போ கோவிச்சுக்கிட்டுப் போனது," என்கிறாள் அக்கா, தங்கையின் கையை விடாமல். "இப்பதான் வீட்டுக்கு வருது."