புகார் இல்லை

“இந்தாளு இனிமே ஸ்டேஷன்ல இருக்கக் கூடாது!”

கம்பம் பயணியர் பங்களா வாசலில் கூட்டம் நெரிந்தது. முன்னால் நின்று கத்தியவன் தங்கபாண்டி.

நாற்பத்திரண்டில் தந்திக் கம்பியை அறுத்ததற்காக சப்-இன்ஸ்பெக்டர் ராஜமணி அடித்த அடியை ஊர் மறக்கவில்லை. தங்கபாண்டியோடு பிடிபட்ட கருத்தக்கண்ணனுக்கு இடது கை இன்றுவரை மடங்காது.

சுதந்திரம் வந்து மூன்று மாதம். அதே ஸ்டேஷன், அதே ராஜமணி. மீசை மட்டும் பாதியாகியிருந்தது.

மதராஸிலிருந்து வந்த அதிகாரி, கருத்தக்கண்ணனை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார்.

“புது சர்க்காருக்கு ஆள் பத்தலைங்க. பழைய ஆளுங்களை வச்சே ஓட்டணும்னு மேலே முடிவு. ஆனா தியாகி நீங்க ஒரு வார்த்தை புகார் சொன்னா, விசாரணை வச்சு ராஜமணியை வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

“விசாரணையில என்னென்ன கேப்பீக?”

“அன்னைக்கு ஸ்டேஷன்ல நடந்தது அத்தனையும். யாரை அடிச்சாரு, யாரு என்ன சொன்னாங்க... ராஜமணியும் எல்லாத்தையும் சொல்லித்தானே ஆகணும்?”

கருத்தக்கண்ணன் எழுந்துவிட்டார்.

“எனக்குப் புகார் இல்லைங்க.”

செய்தி வாசலுக்கு வந்ததும் கூட்டம் பங்களா படிவரை நெருக்கியது. தங்கபாண்டிதான் முதலில் சீறினான்.

“விலை போயிட்டாருய்யா!”

வீட்டில் இருளம்மாள் சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தாள்.

“ஏங்க, அந்தக் கைக்கு எண்ணெய் போட்டுப் போட்டு என் கை தேஞ்சு போச்சு. முறிச்சவனுக்கே பரிஞ்சு பேசிட்டு வந்திருக்கீகளே!”

“பரியல இருளு. அவனைப் பாத்தா எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது.”

“பெறகு?”

“தோப்புல ஒளிஞ்சிருந்த நம்மாளுகளைக் காட்டிக் குடுத்தது யாருன்னு ஊரு இன்னும் தேடுதுல்ல? விசாரணைன்னு வந்தா ராஜமணி அந்தப் பேரைச் சொல்லிருவான்.”

“சொல்லட்டுமே! அந்தத் துரோகி யாருன்னு தெரியட்டும்.”

“துரோகி இல்ல. நகக்கண்ணுல ஊசி ஏத்துனானுக. பக்கத்து ரூமுல கிடந்து எல்லாத்தையும் கேட்டேன். ராவு பூரா பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் கிடந்தான். அதுக்கு மேல முடியல, பாவம்.”

தெருவில் கோஷம் நெருங்கியது.

“துரோகி கருத்தக்கண்ணன், ஒழிக!”

தங்கபாண்டியின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. இருளம்மாள் பதறிப்போய்க் கதவைச் சாத்த ஓடினாள்.

“சாத்தாத இருளு,” என்றார் கருத்தக்கண்ணன். “அன்னைக்கு அடி தாங்காம வாயைத் திறந்தவன், இன்னைக்கு வாய்விட்டுக் கத்தியாவது மனசு ஆறட்டும்.”