இருபது நிமிஷம் ஓடட்டும்

"இருபது நிமிஷம் ஓடட்டும்," என்றாள் கம்ஷாத்.

கடைக்காரன் கானிஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஜகஸ்தானின் கரகண்டா நகரப் பழைய கம்ப்யூட்டர் சந்தையில், திரையில் படம் ஓட வைக்கும் எந்த கிராபிக்ஸ் கார்டையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓட்டிக் காட்டுவதில்லை. இரண்டு நிமிஷத்தில் எல்லாக் கார்டும் நல்ல கார்டுதான்.

"அக்கா, கார்டு வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு சம்சாவை எடுத்துக் கடித்தாள். எழுந்திருக்கிற உத்தேசம் இல்லை என்பது அவனுக்கும் புரிந்தது.

நாற்பத்து மூன்று வயது. ஐந்து பேர் சேர்ந்து ஆன்லைனில் ஆடும் ஒரு சண்டை விளையாட்டில், தன் வயதில் பாதிகூட இல்லாத நான்கு பையன்களுக்கு வழி சொல்லும் வேலை அவளுடையது. மார்ச்சில் வேலை போன பிறகு, அவள் "இடப்பக்கம் போ" என்றால் மறுபேச்சில்லாமல் போகிறவர்கள் உலகத்திலேயே அந்த நான்கு பேர்தான்.

போன ஞாயிறு நட்டநடு ஆட்டத்தில் புகைக்குண்டு வெடித்தது. அவள் திரை அப்படியே உறைந்துவிட்டது. அது மறுபடி உயிர் பெற்றபோது ஐந்து பேரும் செத்துக் கிடந்தார்கள்.

இன்று காலை அணித் தலைவன் அலிபி குரல் செய்தி அனுப்பியிருந்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. சாயங்காலப் பயிற்சியில படம் ஒரு தடவை நின்னாலும் ஞாயித்துக்கிழமை வேற ஆளைப் போட்டுருவோம்."

கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வது? நன்றாகவே கோபித்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

கானிஷ் அவள் தலையில் கட்டப் பார்த்தது வானவில் விளக்கு எரியும் ஒரு கார்டு. பார்க்கக் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. பதினோராவது நிமிஷம், அதே விளையாட்டின் புகை நிறைந்த காட்சியில், வினாடிக்கு நூற்று நாற்பது படமாக ஓடிக்கொண்டிருந்த ஃப்ரேம் எண்ணிக்கை இருபத்திரண்டுக்கு விழுந்தது. கார்டின் நினைவகச் சூடு நூற்றெட்டு டிகிரி.

"விளையாட்டுல கோளாறு அக்கா. நிழலைக் குறைங்க, புல்லை எடுத்துடுங்க. பறக்கும்."

"நிழல், புல் எல்லாம் எடுத்தாச்சு தம்பி. இனிமே என்னையத்தான் எடுக்கணும்."

கிரிப்டோ நாணயம் தோண்டி மூடிப்போன கொட்டகைகளில் வருஷக்கணக்கில் ராவும் பகலும் வெந்த கார்டுகள் இந்தச் சந்தை முழுக்கக் கிடக்கின்றன. துடைத்து, ஸ்டிக்கரை உரித்து, விளையாடுகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்தக் கடைக்காரனும் வாயைத் திறந்து சொல்லமாட்டான்.

மேஜைக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியை அவளே வெளியே இழுத்தாள். கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, பின்பக்கம் மட்டும் பார்த்து, ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்தாள்.

"முதுகைப் பாத்து வாங்கற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றான் கானிஷ்.

ஒன்றைப் பார்த்ததும் அவள் கை நின்றது. விசிறி ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். மூலை சிராய்த்திருந்தது.

"இதை மாட்டு."

"அய்யோ, அது உதிரி பாகத்துக்கு வச்சது அக்கா!" பக்கத்துக் கடைகளுக்கும் கேட்கும்படி கத்தினான். "பாருங்கடா, சிங்கம் மாதிரி மாப்பிள்ளை நிக்கறான், அக்கா கிழவனுக்குக் கழுத்தை நீட்டறாங்க!"

இரண்டு மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அவள் காது சிவந்தது. ஆனாலும் அசையவில்லை.

"விலை என்ன? இப்பவே சொல்லு."

அவன் இளக்காரமாக ஒரு தொகையைச் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

ஐந்து நிமிஷம். பத்து. பதினோராவது நிமிஷம் புகை எழுந்தது. நூற்று நாற்பது. நூற்று முப்பத்தெட்டு. மறுபடி நூற்று நாற்பது. இருபதாவது நிமிஷத்தில் நினைவகச் சூடு எழுபத்தொன்று. விசிறிச் சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவன் தன் கடைக்கு ஓடி, உட்கார்ந்து பார்க்க நாற்காலியே கொண்டுவந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இனி அவளுடையது. அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தவில்லை.

கானிஷ் முகம் மாறியது. சொன்ன விலையை உயர்த்த வழி தேடினான்.

"கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க அக்கா. இதை வச்சிருந்தது காலேஜ்ல படிக்கிற ஒரு பொண்ணு. தங்கமாப் பாத்துக்கிட்டா."

இந்தச் சந்தையில் எல்லாக் கார்டையும் ஒரு பொண்ணுதான் வைத்திருந்தாள். தினம் பத்து முறை சொல்லும் பொய். இன்றைக்கு அதில் காலேஜ் மட்டும்தான் பொய் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"கல்யாணமாகி அஸ்தானா போயிட்டா."

"இல்ல. வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."

கார்டைத் திருப்பிக் காட்டினாள். கடைசி ஸ்குரூவின் தலையில் ஒரு துளி சிவப்பு நெயில் பாலிஷ்.

"எக்கிபாஸ்துஸ் ஊர் கிரிப்டோ கொட்டகையில ஏழாவது வரிசை. நாப்பது கார்டு, என் பொறுப்பு. எல்லாத்துலயும் இந்தப் பொட்டு நான் வச்சது. முதலாளி எல்லாத்தையும் உச்சத்துல வச்சு ஓட்டச் சொன்னான். நான் தணிச்சுத்தான் ஓட்டுனேன். சூடு தணிக்கிற பேஸ்ட் மாத்துனேன், செத்த விசிறிய மாத்துனேன். மெஷினுக்கு இரக்கப்படற ஆளு வேண்டாம்னு மார்ச்ல வெளிய அனுப்பிட்டான்."



முதலில் சொன்ன விலையை மேஜையில் வைத்துவிட்டு, கார்டைச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

"சிவப்புப் பொட்டு வச்சது இன்னும் முப்பத்தொம்பது எங்கயோ கெடக்கு தம்பி. கையில மாட்டுனா உதிரிக்குன்னு போட்டுடாத."