கத்திரிக்காய் எங்கே?

எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குக் காட்டுவதுதான் கடையில் என் வேலை. இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் ஓபோன் பண்டிகைக்கு முதல் நாள் மிசோகுச்சி அக்கா வந்தார். கணவர் இறந்து அவருக்கு அதுதான் முதல் ஓபோன். நான் ஊருக்குப் புதிது. அவர் கணவரைப் பார்த்ததில்லை.

“வெள்ளரிக்காய் எங்கம்மா இருக்கு?”

“அந்த ஓரத்துல. பக்கத்துலயே கத்திரிக்காயும் இருக்குக்கா.”

“கத்திரிக்காய் வேண்டாம்.”

இறந்தவர் வேகமாக வீட்டுக்கு வர, வெள்ளரிக்காயில் நாலு குச்சி சொருகிக் குதிரை செய்வோம். மெதுவாகத் திரும்பிப் போகக் கத்திரிக்காயில் மாடு.

“மாடு இல்லாம அண்ணன் எப்படித் திரும்பிப் போவாரு?” என்றேன்.

அக்கா ஒரே ஒரு வெள்ளரிக்காயோடு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, மத்தியானம், வெள்ளைக் கிமோனோவில் ஒரு பெரியவர் வந்தார்.

“கத்திரிக்காய் எங்கம்மா இருக்கு? ஒண்ணு போதும். நாலு குச்சியும் வேணும்.”

“ஓபோன்தான் முடிஞ்சு போச்சே, ஐயா.”

“தெரியும்மா. எல்லாரும் கிளம்பிட்டாங்க. நான் ஒருத்தன்தான் பாக்கி.”

விளையாட்டாகப் பேசுகிறார் என்று நினைத்து இடத்தைக் காட்டினேன். அவர் எடுத்த காயை, பின்னாலேயே வந்த மிசோகுச்சி அக்கா பிடுங்கி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

“இங்க வந்து நிக்கிறீங்களா? சோறு ஆறுது, வாங்க.”

பெரியவர் தலைகுனிந்து நடந்தார். அக்கா வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இவரு வேற எது கேட்டாலும் காட்டும்மா. கத்திரிக்காய் மட்டும் தீந்துபோச்சுன்னு சொல்லிடு.”